புளிப்பைத் தின்ற பூசணம்

மேட்டுக்களத்தில் புளிப்பு என்பதே இல்லாமல் போன அந்தக் கோடையில் ஊரே சந்தோஷமாக இருந்தது, அமலோற்பவம் ஒருத்தியைத் தவிர.

மலையடிவாரத்துத் தக்காளியெல்லாம் வந்து இறங்குகிற மண்டி ஊர் அது. விலை விழுந்துவிட்டால் வெள்ளாமை செய்கிற சம்சாரிகள் கூடையை ரோட்டோரம் கவிழ்த்துவிட்டு வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மாடு தின்றது போக, வெயில் தின்றது போக, மிச்சம் அழுகிச் சாக்கடையில் சேரும். அப்படிக் கவிழ்க்கப் போகிற தக்காளியை வாங்கி வந்து, பின்கட்டில் அடுப்பு மூட்டி, புளியும் மிளகாயும் வெந்தயமும் சேர்த்துச் சுண்டச் சுண்டக் கிண்டி, மேலே நல்லெண்ணெய் நிற்கும்படி பாட்டிலில் அடைத்து விற்கலாம் என்று அந்த ஊருக்குக் காட்டியவள் அமலோற்பவம்தான். சவரிமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் ஆரம்பித்த காரியம். மண்டிக் கணக்கப்பிள்ளைகளும் லாரிக்காரர்களும் அவள் தொக்கு இல்லாமல் சோற்றில் கை வைப்பதில்லை என்று ஆனது. 'அமலி தொக்கு' என்ற அந்தப் பெயரை அவள் கழுத்துச் சங்கிலி போலப் போட்டிருந்தாள். தூங்கும்போதுகூடக் கழற்றி வைத்ததில்லை.

பிறகு சவரிமுத்துவின் தம்பி இன்னாசி, செலினைக் கட்டிக்கொண்டு வந்தான். ஒரே வீடு, ஒரே பின்கட்டு, இரண்டு அடுப்பு. அக்கா அக்கா என்று சுற்றி வந்த செலின் முதலில் வெங்காயம் உரித்துக் கொடுத்தாள், பிறகு கரண்டி பிடித்துக் கிண்டிக் கொடுத்தாள், பிறகு ஒருநாள் தன் அடுப்பில் தானாக ஒரு சட்டி ஏற்றினாள். அவள் தொக்கில் புளி குறைவு, எண்ணெய் குறைவு, கடைசியில் ஒரு துண்டு வெல்லம். அமலோற்பவம் அதை ருசி பார்த்துவிட்டு, நோயாளிக்குக் கொடுக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ஒரு மத்தியானம் சவரிமுத்து சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே, செலின் தொக்கு வேற மாதிரி இருக்கு, நல்லாத்தான் இருக்கு என்று யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். அந்த வாரமே கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்த மகள் போன் செய்து, வருகிற ஆளிடம் சித்தி தொக்கு ஒரு பாட்டில் கொடுத்துவிடச் சொன்னாள். சித்தி தொக்கா, என் தொக்கா என்று அமலோற்பவம் திருப்பிக் கேட்டாள். மகள் கொஞ்சம் தயங்கி, ரெண்டும்தான் என்றாள். அந்தத் தயக்கத்தை அமலோற்பவம் மறக்கவே இல்லை.

அதிலிருந்து அவள் கண் செலினை விட்டு அகலவில்லை. செலின் தலை வாரினால் எப்படி வாருகிறாள், கடைக்காரன் அவளுக்கு மட்டும் ஏன் ஒரு கை கூடுதலாக அள்ளிப் போடுகிறான், கோயிலில் சாமியார் நற்கருணை கொடுக்கும்போது அவளைப் பார்த்துச் சிரித்தாரா இல்லையா என்று எல்லாவற்றையும் பார்த்தாள். காலையில் எழுந்ததும் சிலுவை போட்டுக்கொள்வதற்கு முன்னால் செலினின் அலமாரியைத்தான் பார்த்தாள். எத்தனை பாட்டில் போயிருக்கிறது, எத்தனை மிச்சம் என்று.

அப்படிப் பார்த்த ஒரு காலையில்தான், செலினின் பாட்டில் ஒன்றில் பூசணம் பூத்திருந்ததைக் கண்டாள்.

பூசணம் அமலோற்பவத்துக்குப் புதிதில்லை. தொக்கு போடுகிற எவளுக்கும் தெரிந்த சங்கதி அது: மேலே பூசணம் பூத்தால் அது முதலில் தின்பது புளிப்பைத்தான், புளிப்பு காவல் நிற்கிற வரைக்கும் கெட்டது எதுவும் உள்ளே வராது, காவல் போய்விட்டால் அடியில் என்ன வந்து குடியேறும் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே மேலாக வழித்துப் போட்டுவிட்டு மிச்சத்தைத் தின்னக் கூடாது, பாட்டிலோடு கொட்டிவிட வேண்டும். இது செலினுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். அதனால் அமலோற்பவம் மனசுக்குள் அந்தோணியாருக்கு நன்றி சொல்லிவிட்டு, நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, "செலினு, உன் தொக்குல பூசணம் பூத்திருக்கு, வந்து பாரு" என்று கூப்பிட்டாள். செலின் வருவதற்குள் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்துவிட்டார்கள். அதற்காகத்தான் அப்படிக் கூப்பிட்டதும்.

ஆனால் வந்தவர்கள் முகம் சுளிக்கவில்லை. அந்தப் பூசணம் மாதா முக்காட்டின் நீலத்தில், வெல்வெட்டுத் துணி விரித்த மாதிரி, பாட்டில் வாயை நிறைத்துக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக வளர்ந்தது. செலின் முகம் வெளுத்துப்போய், அவமானத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல், விரலால் அதை ஒதுக்கி அடியில் இருந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "புளிப்பே இல்லக்கா" என்றாள். ஒவ்வொருத்தியாக ருசி பார்த்தார்கள். தேன் மாதிரி இருந்தது. ஓரத்தில் நின்றவள் கூடையில் இருந்த எலுமிச்சையைக் கடித்துப் பார்த்தாள், அதுவும் தேன் மாதிரி இருந்தது. அமலோற்பவம் தன் புளிப்பானையைத் திறந்து, ஒரு சுளைப் புளியை வாயில் போட்டு, அதுவும் இனிக்க, மூடி வைத்தாள்.

அன்று மத்தியானம் ரசம் வைத்தவர்கள் எல்லாரும் பாயசம் குடித்தார்கள். சாயங்காலம் மோர்க்காரியின் பானையில் மோர் திரும்பவும் பாலின் ருசிக்கு வந்து நின்றது. தெற்குத் தெருப் புளியமரங்களில் பிஞ்சுகூட வெல்லமாக இனித்தது, கிளிகள் வந்து இறங்கி மரமே பச்சையாகிப் போனது. தட்டார் கடையில் நகையை உரைத்து அமிலம் விட்டால் அமிலம் வெறும் தண்ணீராகக் கிடந்தது, பித்தளையும் பொன்னாகவே தேறியது, நகைக்காக இழுபட்டு நின்ற கல்யாணங்கள் வரிசையாக நடந்தேறின. டவுன் பஸ்ஸின் பேட்டரி செத்துப்போனதால் காலையில் எல்லாரும் சேர்ந்து தள்ளிவிட்டுத்தான் ஏறுவது என்று வழக்கமாகி, தள்ளாதவர்களுக்கு சீட் கிடையாது என்று கண்டக்டர் சட்டம் போட்டார், அதையும் யாரும் ஆட்சேபிக்கவில்லை. வெளியூரிலிருந்து யாராவது புளி கொண்டு வந்தால் ஓடைப் பாலத்தைத் தாண்டும்போதே அது இனித்துவிடும். இப்படி ஒரு வாரம் பேசினார்கள், அடுத்த வாரம் பழகிக்கொண்டார்கள். அதற்கடுத்த வாரம், புளிப்பு என்றால் எப்படி இருக்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் காட்ட முடியாமல் பெரியவர்கள் முகத்தைக் கோணிக்கொண்டு நின்றார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம் வயிற்றெரிச்சல் போனதுதான். காரம் தின்று, வெறும் வயிற்றில் டீ குடித்து, நேரம் தப்பிச் சாப்பிட்டு நெஞ்சு எரிந்துகொண்டிருந்த அத்தனை மண்டிக்காரர்களும் ராத்திரி நிம்மதியாகப் படுத்தார்கள். பல வருஷமாக மோர்சாதத்தைத் தவிர எதையும் தொடாத பங்குச்சாமியார் மிளகாய்ச் சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதனால் பிரசங்கத்தில் அவர் அந்தப் பூசணத்தை ஆசீர்வதிக்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. வீட்டு வாசலில் செலினைத் தேடி ஜனம் நின்றது. அவள் எல்லாருக்கும் ஒரு சிட்டிகை நீலத்தை வாழையிலைக் கிழிசலில் வைத்துக் கொடுத்தாள், அவரவர் வீட்டுக்குக் கொண்டுபோய் ஊறுகாய்ச் சாடியிலும் தொக்குப் பாட்டிலிலும் போட்டு வளர்த்தார்கள். காசு வாங்கவில்லை. அதுதான் அமலோற்பவத்தால் தாங்க முடியாததாக இருந்தது. காசு வாங்கியிருந்தால் ஏதாவது சொல்லலாம்.

ஊரில் எல்லாருக்கும் வயிற்றெரிச்சல் தீர்ந்துவிட்டது, அமலிக்கு மட்டும் தீரவில்லை என்று மண்டியில் பேசிச் சிரித்தார்கள். அவள் காதுக்கும் வந்தது. அவள் மறுக்கவில்லை. பின்கட்டில் உட்கார்ந்து, பாட்டில்களைச் சுற்றி ஊதுபத்தி ஏற்றுகிற கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் தொப்புளுக்கு மேலே ஒரு கங்கு கனன்றது. நான் கூப்பிட்டுக் காட்டாவிட்டால் அவள் அதைச் சாக்கடையில் கொட்டியிருப்பாள், ஒருவருக்கும் தெரிந்திருக்காது, நான்தான் ஊரைக் கூட்டினேன் என்று நினைத்து நினைத்து அந்தக் கங்கை ஊதினாள். அந்த வருஷம் பூசணம் வருவதற்கு முன்னால் கிண்டி வைத்திருந்த தன் தொக்குப் பாட்டில்களை எடுத்தாள். அவற்றில் மேலும் எண்ணெய் ஊற்றி, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, டிரங்குப் பெட்டிக்குள் கல்யாணப் புடவையில் சுருட்டி வைத்துப் பூட்டினாள். செலினின் அதிசயம் தன் பாட்டிலைத் தொடக் கூடாது, அவ்வளவுதான். வேறு யோசனை எதுவும் இல்லை. ஆனால் ஊரே இனித்துக் கிடந்தபோது அந்தப் பெட்டிக்குள் மட்டும் புளிப்பு புளிப்பாகவே இருந்தது.

அதை மோப்பம் பிடித்து வந்தவள் அற்புதம். பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிற ஞானப்பிரகாசத்தின் மனைவி, மூன்று மாதமாக முழுகாமல் இருந்தாள். இனிப்பைப் பார்த்தாலே குமட்டுகிற மசக்கைக்காரிக்கு ஊரில் நாக்கில் வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ஒரு பகலில் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் பின்பக்கமாக வந்து, சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே நின்றாள்.

"அக்கா, உங்க ரூம் ஜன்னல் பக்கம் போறப்ப எனக்கு எச்சி ஊறுது. என்ன வச்சிருக்கீங்க?"

அமலோற்பவம் அவளை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, பெட்டியைத் திறந்து, ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அற்புதம் அதை நக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். அவள் கண்ணோரத்தில் நீர் வழிந்தது. செலின் வாசலில் எத்தனையோ பேர் கும்பிட்டு நிற்பதைவிட இந்த ஒருத்தி இப்படிச் சாய்ந்து நிற்பது அமலோற்பவத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது, தினமும் வா என்றாள். அற்புதம் தினமும் வந்தாள். வீட்டில் வேறு எதையும் தொடுவதில்லை, சோற்றை மட்டும் வடித்துக்கொண்டு வந்து இங்கே சாப்பிட்டுவிட்டுப் போவாள். ஞானப்பிரகாசம் மட்டும் வீட்டில் செலின் கொடுத்த தொக்கைப் போட்டுச் சாப்பிட்டான். நவநாள் பவனியில் வாசித்ததற்காக முதல் முதலில் பூத்த பாட்டில்களில் ஒன்றையே அவள் அவனுக்குக் கொடுத்திருந்தாள். அது பெரிய கௌரவம்.

அந்தோணியார் திருவிழா நெருங்கியபோது செலினின் அந்த முதல் பாட்டில்களின் மூடிகள் மெல்ல மேலே உப்ப ஆரம்பித்தன. காதை வைத்தால் உள்ளே சின்னதாக ஒரு சத்தம். பாட்டில் மூச்சு விடுகிறது என்றார்கள். ஜனம் வரிசையில் நின்று காதை வைத்துக் கேட்டது. திருவிழா அன்று சமபந்தி விருந்தில் எல்லார் இலையிலும் அந்த முதல் தொக்கையே வைப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முடிவானது. சாமியார் தலையாட்டினார். அதுவரை எந்தத் திருவிழாவிலும் அமலோற்பவத்தின் தொக்குதான் இலையில் விழும். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை என்பதை, கூட்டம் முடிந்து சவரிமுத்து சிரித்த முகமாக வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் தெரிந்துகொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஞானப்பிரகாசத்துக்கு எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிய ஆரம்பித்தது. கோயிலுக்கு இரண்டு கோபுரம், தெருவுக்கு இரண்டு நாய், கட்டியவளும் இரண்டு. ஊர் அதையும் எடுத்துக்கொண்டது. முதல் பாட்டிலின் வரம் என்றார்கள், இரண்டு அற்புதத்தில் யார் சமைக்கிறாள் யார் சண்டை போடுகிறாள் என்று கேலி செய்தார்கள். டீக்கடையில் அவனை உட்கார வைத்து எதிரே என்ன தெரிகிறது என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அவனும் சிரித்தான், ஆனால் சிரிப்பு ஒரு பக்கமாகத்தான் வந்தது. இமை இரண்டும் தூக்கக் கலக்கம் போலத் தொங்கின. பேச்சு குழறியது. திருவிழாவுக்கு முந்தின நாள் பவனியில் அவன் கிளாரினெட்டை வாயில் வைத்தபோது உதடு பிடிக்காமல் காற்றும் எச்சிலும்தான் வழிந்தன. ஜனம் அதற்கும் கை தட்டியது.

அமலோற்பவம் அந்த இமைகளைப் பார்த்தாள். அற்புதத்தைக் கூப்பிட்டு, அவன் என்ன சாப்பிடுகிறான் என்று கேட்டாள். மூணு வேளையும் அந்தத் தொக்குதான் அக்கா, இப்ப ரெண்டு நாளா சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது என்றாள் அற்புதம். ஒரே வீடு, ஒரே பானைச் சோறு, ஒரே குடத்துத் தண்ணீர். ஒருத்தி புளித்ததைத் தின்கிறாள், நன்றாக இருக்கிறாள். ஒருத்தன் இனித்ததைத் தின்கிறான், கண் சொருகுகிறது. புளிப்பின் காவல் போன பாட்டிலின் அடியில் என்னவோ குடியேறிவிட்டது. அமலோற்பவம் அற்புதத்தின் கையைப் பிடித்து, இந்த நிமிஷமே வண்டி பிடித்து அவனை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ, என்ன தின்றான் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல் என்றாள். அற்புதம் பயந்து ஓடினாள். அவள் மாமியார் வீட்டார் திருவிழா முடியட்டும் என்று இழுத்தார்கள். மறுநாள் விடிந்து, அவனுக்கு மூச்சு திணறிய பிறகுதான் கார் கிளம்பியது.

அற்புதத்தை அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்தபோது அமலோற்பவத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை அவள் தன்னிடமே மறைத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு இலை போடுவார்கள், தொக்கு வைப்பார்கள், நாலைந்து நாளில் ஊர் பூராவும் இமை தொங்கும், அதற்கப்புறம் செலினின் பெயரை இந்த ஊரில் யாரும் வாயால் சொல்ல மாட்டார்கள். பாயசத்தை உறிஞ்சுகிற மாதிரி அந்த நினைப்பை அவள் கொஞ்ச நேரம் உறிஞ்சினாள். பிறகு இலைக்கு முன்னால் யார் யார் உட்காருவார்கள் என்று பார்த்தாள். சவரிமுத்து உட்காருவான். திருவிழாவுக்கு வந்திருக்கிற மகள் உட்காருவாள். மோர்க்காரி, கண்டக்டர், பஸ் தள்ளுகிற சனங்கள் எல்லாரும் உட்காருவார்கள். செலினும் கடைசிப் பந்தியில் உட்காருவாள். சரி, தடுத்துவிடலாம் என்று நினைத்தால், அதில்தான் பெரிய எரிச்சல் இருந்தது: தடுத்துவிட்டால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாவிட்டால் செலின் கெட்டதைக் கொடுத்தாள் என்பதற்கு அத்தாட்சி இருக்காது, செலின் காலத்துக்கும் நல்லவளாகவே இருப்பாள். அவளைக் காப்பாற்றாமல் ஊரைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறதா என்று அமலோற்பவம் நேர்மையாக யோசித்தாள். இல்லை.

எழுந்து சாமியாரிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஞானப்பிரகாசம் குடிக்கிறவன்தானே என்றார், பிறகு குரலைத் தாழ்த்தி, பொறாமை என்பது தலையான பாவங்களில் ஒன்று, பாவசங்கீர்த்தனத்துக்கு வந்து ரொம்ப நாளாகிறதே என்றார். சவரிமுத்துவிடம் சொன்னாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "அமலி, உனக்கு இன்னும் அது போகலையா?" என்றான். கோபமாகச் சொல்லவில்லை, பரிதாபமாகத்தான் சொன்னான்.

கடைசியில் செலினிடமே போய் நின்றாள். செலின் முக்காலியில் உட்கார்ந்து, உப்பி நின்ற மூடிகளை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னன்னு உனக்குத் தெரியாதா?"

"மூச்சு விடுதுன்னு எல்லாரும் சொல்றாங்கக்கா."

"நீ என்ன சொல்ற?"

செலின் துடைத்த பாட்டிலையே திரும்பவும் துடைத்தாள். வாசலில் ஊதுபத்தியோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள், செலின் அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அமலோற்பவத்துக்கு எப்போதும் போல எரிந்தது. ஆனால் அதில் ஏதோ ஒன்று பிடியில்லாமல் தொங்குவதையும் அவள்தான் பார்த்தாள், வேறு யார் செலினை அத்தனை காலம் அத்தனை கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்?

திருவிழா மத்தியானம் கோயில் மைதானத்தில் பந்தல் போட்டு, மணலில் பாய் விரித்து, வரிசை வரிசையாக இலை போட்டிருந்தார்கள். அந்த முதல் பாட்டில்கள் எல்லாவற்றையும் ஒரு பெரிய பித்தளை அண்டாவில் கொட்டி, நீலத்தை மேலே தனியாகப் படர விட்டு, மாலை சுற்றி நடுவில் வைத்திருந்தார்கள். செலின் நீலப் பட்டு உடுத்தி, கையில் கரண்டியோடு அண்டாவுக்கு அந்தப் பக்கம் நின்றாள். சாமியார் ஜெபம் சொல்லி முடித்ததும் எல்லாரும் ஆமென் என்றார்கள். அந்த ஆமென் அடங்குவதற்குள் அமலோற்பவம் பெண்கள் வரிசையிலிருந்து எழுந்தாள். நேராக நடந்து வந்து அண்டாவின் ஒரு காதை இரண்டு கையாலும் பிடித்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் அது நடக்காது என்றும் தெரிந்தது. நாலு ஆம்பிளைகள் கம்பு கொடுத்துத் தூக்கி வந்து வைத்த அண்டா அது. அவள் மூச்சைப் பிடித்துத் தூக்கினாள். இம்மியும் அசையவில்லை. யாரோ சிரித்தார்கள். இரண்டாம் தடவை தூக்கினாள், அண்டா லேசாக, ஏதோ மனசு மாறியதைப் போல, எழுந்து, சாய்ந்து, தொக்கும் நீலமும் மாலையும் எல்லாமாக மணலில் கவிழ்ந்தது.

அந்த எடை கையில் குறைந்த கணத்தில் அமலோற்பவம் நிமிர்ந்து பார்த்தாள். செலினின் கரண்டி கீழே கிடந்தது. செலினின் இரண்டு கைகளும் அண்டாவின் அந்தப் பக்கத்துக் காதில் இருந்தன. ஒரு கணம்தான். ஜனம் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது செலின் கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அணைத்துக்கொண்டார்கள். அமலோற்பவத்தை யாரும் தொடவில்லை. அவள் பெண்கள் வரிசைகளுக்கு நடுவே நடந்து வெளியே போனபோது எல்லாரும் அவளுக்கு நிறைய இடம் விட்டார்கள்.

வெயிலில் அந்த நீலம் சாயங்காலத்துக்குள் வெளுத்தது. மறுநாள் ஊரில் எல்லாச் சாடிகளிலும் அது சாம்பலாகிக் கிடந்தது, ஊதினால் பறந்தது. வரம் போனபிறகு அந்தப் பாட்டில்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அழுதுகொண்டே கொண்டுபோய் ஓடைக்கரையில் குழி வெட்டிப் புதைத்தார்கள். பஸ் தானாகக் கிளம்பியது. தட்டார் கடையில் போன மாதத்துக் கல்யாணப் பொன்னெல்லாம் பச்சையாகப் பொங்கியது. மண்டிக்காரர்கள் திரும்பவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோடா கேட்டார்கள், சாமியார் மோர்சாதத்துக்குத் திரும்பினார், எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான் சொன்னார்கள்: அமலியின் கண்.

ஞானப்பிரகாசம் மதுரையில் மூச்சுக்கு மெஷின் வைத்துக் கிடந்தான். என்ன தின்றான் என்று டாக்டர் கேட்டபோது அற்புதம் மறைக்காமல் சொன்னாள். அதைத் தின்ற வேறு யார் யார் என்று அவர் பதறிப்போய்க் கேட்டதையும் ஊருக்கு வந்து சொன்னாள். ஊரார் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அண்டாவில் இருந்ததை யாரும் தின்னவில்லையே, தின்னாதபோது அதில் என்ன இருந்தது என்று எப்படிச் சொல்ல முடியும், அவன் குடித்த சாராயத்தில் ஏதாவது இருந்திருக்கும் என்றார்கள். மழைக்காலத்தில் இமை நிமிர்ந்து அவன் வீடு திரும்பினான். கிளாரினெட்டைத் திரும்ப வாயில் வைக்க இன்னும் பல மாதம் ஆனது. அற்புதத்துக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்கு அமலோற்பவத்தைக் கூப்பிட்டாள், அமலோற்பவம் போய்ப் பின்வரிசையில் நின்றுவிட்டு வந்தாள்.

அண்டாவைக் கவிழ்த்தது ஊரைக் காப்பாற்றவா, செலினைக் கவிழ்க்கவா என்று சவரிமுத்து ஒருமுறை கேட்டான். அவள் தெரியவில்லை என்றாள். அவன் அன்றிலிருந்து கொஞ்சம் மரியாதையாகப் பேசினான்.

செலினோ முன்னைவிட நல்லவளாகிவிட்டாள். அவ்வளவு பெரிய காரியம் செய்த ஓரகத்தியோடு ஒரே பின்கட்டில், ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் அடுப்பு மூட்டுகிறாளே என்று ஊர் அவளை மெச்சியது. அவள் பாட்டில்களுக்குக் கிராக்கி குறையவில்லை. அமலோற்பவத்தின் தொக்கை வாங்க லாரிக்காரர்கள் மட்டும் வந்தார்கள், அவர்களுக்கு ஊர்க்கதை தெரியாது.

அடுத்த கோடையில் தக்காளி விலை விழுந்த ஒரு மத்தியானம், இரண்டு அடுப்பும் எரிந்துகொண்டிருந்தபோது, அமலோற்பவம் திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

"அன்னிக்கு அந்தப் பக்கம் தூக்குனது நீதான?"

செலின் கிண்டுவதை நிறுத்தவில்லை. "தனியா உங்களால தூக்க முடியாதுக்கா."

"பின்ன ஏன் ஊருல சொல்லல? என்னை மட்டும் பேச விட்டுட்டு இருக்க."

"சொல்லலாம்னு ரெண்டு தடவ வாயெடுத்தேன்." செலின் கரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டினாள். "சொன்னா நம்ப மாட்டாங்கக்கா. உங்களக் காப்பாத்தறதுக்காகப் பழிய நான் ஏத்துக்கறேன்னு சொல்லி, என்னை இன்னும் நல்லவளாக்கிடுவாங்க."

அமலோற்பவம் அதை யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். உண்மையைச் சொன்னால்கூட லாபம் செலினுக்குத்தான் போகும். இதை இவள் இவ்வளவு நாளாக யோசித்து, தனியாகச் சுமந்து, யாரிடமும் காட்டாமல் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். நமக்கு இப்படி இருக்க வருமா என்று நினைத்தபோது தொப்புளுக்கு மேலே அந்தக் கங்கு திரும்பவும் கனன்றது. செலின் சட்டியை இறக்கத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு திணறினாள். அமலோற்பவம் வயிறு எரிய எரிய எழுந்து போய், மறு காதைப் பிடித்தாள்.